ஒரே ஒரு பார்வையாளருக்கு ஒரு வி.ஆர். நாடகம்: கதை முதல் காட்சி நாள் வரை

லண்டன் நேஷனல் தியேட்டரும் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியமும் சேர்ந்து தயாரித்த 'ட்ரா மீ க்ளோஸ்' என்ற படைப்பில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். எழுதி இயக்கியவர் ஜோர்டன் டானஹில். தாய்க்குக் குணமாகாத புற்றுநோய் என்று தெரிந்த பிறகு மகன் திரும்பிப் பார்க்கும் நினைவுகள்தான் கதை. கண்ணை முழுக்க மூடி வேறோர் உலகத்தைக் காட்டும் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டை மாட்டியதும் நீங்கள் ஐந்து வயது ஜோர்டன் ஆகிவிடுகிறீர்கள். சுற்றிலும் வெள்ளைத் தாளில் பேனாவால் கிறுக்கியது போல ஒரு வீடு. டீவா ஹாரிசன் வரைந்த கோடுகள் அவை. நிழலோ நிறமோ அதிகம் கிடையாது. கோடுகளால் ஆன அம்மா வந்து உங்களைக் கட்டி அணைக்கிறாள். அணைக்கும்போது முதுகில் நிஜமான இரண்டு கைகள் படுகின்றன. உடலில் சென்சார் கட்டிய ஒரு நடிகை அந்த அறையிலேயே இருக்கிறார். அவர் அசைவதுபோலத்தான் அந்தக் கோட்டுச் சித்திரமும் அசைகிறது. அப்புறம் இருவரும் தரையில் உட்கார்ந்து படம் வரைகிறீர்கள். கடைசியில் அவர் உங்களைப் படுக்கவைத்துப் போர்த்திவிடுகிறார். 2017-இல் டிரைபெக்கா, வெனிஸ் திரைப்பட விழாக்களில் ஆரம்பித்து 2019 ஜனவரியில் லண்டன் யங் விக் அரங்குக்கு வந்தது.

வி.ஆர். நாடகம் செய்ய வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த ஹெட்செட் வாங்கலாம், கிராஃபிக்ஸுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். மேலே சொன்ன படைப்பில் கிராஃபிக்ஸ் வெறும் கோடு. ஆளை அசைத்தது அந்த அணைப்பு. ஹெட்செட் மாட்டியவருக்குத் தன் உடம்பு தெரிவதில்லை, அறை தெரிவதில்லை, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரிவதில்லை. அந்த உடம்பைத் தொட்டு, கையில் ஏதாவது கொடுத்து, அவர் சொல்வதற்குப் பதில் சொல்லித் திருப்பித் தருவதற்குத்தான் நாடகக்காரர் தேவை. அது இல்லாவிட்டால் நீங்கள் செய்திருப்பது ஒரு படம். நல்ல படமாகக்கூட இருக்கலாம், ஆனால் நாடகம் ஆகாது.

இந்த வழிகாட்டியில் ஒரு சின்ன நாடகத்தை உதாரணமாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் போகிறேன். பன்னிரண்டு நிமிட நாடகம், ஒரு நடிகை, ஒரு பார்வையாளர், ஒரு அறை. ஹெட்செட்டில் ஓடுவது முன்பே எடுத்த படம்; அதே நடிகை அறையிலும் இருந்து தொடுவார், பேசுவார். இரவு ரயில். எதிர் பெர்த்தில் ஒரு பாட்டி. அவர் பார்வையாளருக்குப் போர்வை கொடுக்கிறார், பேச்சுக் கொடுக்கிறார், பிறகு ஒரு மஞ்சள் பையை மடியில் வைத்து, "கொஞ்சம் பிடிச்சுக்கோ கண்ணு, வந்துடறேன்" என்று எழுந்து போகிறார். திரும்பி வருவதில்லை.

படி 1: பார்வையாளர் யார் என்று முடிவு செய்யுங்கள்

சாதாரண மேடையில் இந்தக் கேள்வியே எழாது. பார்வையாளர் இருட்டில் உட்கார்ந்திருப்பவர், அவ்வளவுதான். இங்கே அவர் கதைக்கு நடுவில் இருக்கிறார். எதிரில் இருப்பவர் அவரைப் பார்த்துப் பேசுகிறார். அப்படியென்றால் அவர் கதையில் யார்? பேயா, கேமராவா, ஒரு பாத்திரமா?

முதல் முயற்சிக்கு என் யோசனை: அவரை அவராகவே விட்டுவிடுங்கள். ரயிலில் போகும் ஒரு பயணி, யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். வசனம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, நடிக்க வேண்டியதில்லை. அந்நியரிடமிருந்து ஒரு பையை வாங்கி வைத்துக்கொள்ளும் தர்மசங்கடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவரிடம் நாம் கேட்பது ஒரே ஒரு காரியம்: பையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கான நாடகத்தில் பார்வையாளருக்குக் கொடுக்கும் வேலை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. நாலு பொத்தான் அழுத்தச் சொன்னால் அவர் மனம் விளையாட்டுக்குப் போய்விடும்.

பாட்டி ஏன் "கண்ணு" என்கிறார் என்றால், வரப்போவது ஆணா பெண்ணா, இருபது வயதா ஐம்பதா என்று படம் எடுக்கும்போது நமக்குத் தெரியாது. கொங்குப் பக்கத்துப் பாட்டி என்று வைத்துவிட்டால் ஒரே அழைப்பு எல்லோருக்கும் பொருந்தும். வேறு ஊர்ப் பாத்திரம் என்றால் அழைப்பு இல்லாமலேயே வசனம் எழுதுங்கள், அல்லது அழைக்கும் இடங்களை நேரில் பேசும் பகுதிக்குத் தள்ளிவிடுங்கள். அதைப் படி 4-இல் பார்ப்போம்.

படி 2: அறையை முதலில் கட்டுங்கள்

படப்பிடிப்புக்கு முன் அறை. சொல்லப்போனால் படப்பிடிப்பே அந்த அறையில்தான்.

எதிரெதிரே இரண்டு பெர்த், நடுவில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கறுப்புத் துணி, துணிக்கு முன்னால் அவ்வப்போது கடந்துபோகும் விளக்குகள். ஓடும் ரயிலில் எடுக்க ரயில்வேயின் அனுமதி வேண்டும், செலவும் ஆகும். இரவுக் காட்சி என்பதால் அதெல்லாம் தேவையே இல்லை. தச்சரிடம் சொல்லி பெர்த் செய்து, நிஜப் பெர்த்துக்குப் போடும் ரெக்ஸினையே போர்த்துங்கள். விரல் அதைத் தடவும்போது நம்பிக்கை வந்துவிட வேண்டும்.

இதே பெர்த்தில்தான் பிறகு பார்வையாளர் உட்காரப்போகிறார். அதனால் படத்தில் தெரியும் இருக்கையும் அவர் கைக்குத் தட்டுப்படும் இருக்கையும் அங்குலம் பிசகாமல் பொருந்தும். அடையாளத்துக்குத் தரையில் ஆணி அடித்துக்கொள்ளுங்கள். டேப் ஒட்டினால் நாலு நாளில் பெயர்ந்துவிடும்.

தொட்டுணரும் பொருள் ஒன்று எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 2000-களின் தொடக்கத்தில் நடந்த சோதனையைச் சொல்லலாம். ஹெட்செட்டுக்குள் ஒரு அறை, நடுவே சுமார் 20 அடிப் பள்ளம். பள்ளத்தின் விளிம்பு இருக்கும் இடத்தில், நிஜத் தரையில் ஒன்றரை அங்குல உயரப் பலகை ஒன்றைப் போட்டார்கள். பலகையின் ஓரத்தைக் கால்விரல் உணர்ந்ததும் ஆட்களின் இதயத்துடிப்பு பலகை இல்லாதபோது இருந்ததைவிட நன்றாகவே ஏறியது. ஒன்றரை அங்குல மரம்! அதற்கு ஆகும் செலவையும் ஒரு நாள் கிராஃபிக்ஸ் வேலைக்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் ரயிலுக்கு: பெர்த்துக்கு அடியில் ஒரு பேஸ் ஷேக்கர். தாழ்ந்த ஒலியை அதிர்வாக மாற்றும் சின்னக் கருவி அது. ஹோம் தியேட்டர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஜன்னல் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன், குறைந்த வேகத்தில். இந்த இரண்டும் போதும்.

படி 3: படம் எடுப்பது

இரண்டு வழிகள் உண்டு. யூனிட்டி, பிளெண்டர் போன்ற மென்பொருட்களில் முழு உலகத்தையும் உருவாக்கலாம். பார்வையாளர் எழுந்து நடக்கலாம், குனிந்து பார்க்கலாம். இன்னொன்று, சுற்றியுள்ள எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் பதியும் 360 டிகிரி கேமராவில் எடுப்பது. இதில் அவர் தலையைத் திருப்பலாமே தவிர இடம் மாற முடியாது. முன்னால் சாய்ந்தால் உலகமும் கூடவே சாயும். முதுகுக்குச் சாய்மானம் உள்ள இருக்கையில் ஒருவரை உட்காரவைக்கும் கதைக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். நாடகக் குழுவுக்கு நடிகரை வைத்துப் படமெடுப்பது தெரிந்த வேலை. முப்பரிமாண உருவத்தை அசைய வைப்பது வேறொருவரின் தொழில்.

கேமராவை பார்வையாளரின் கண் இருக்கும் இடத்தில் வையுங்கள். உட்கார்ந்திருப்பவருக்குத் தரையிலிருந்து 115 முதல் 120 செ.மீ. இதை மாற்ற முடியாது என்பதால், காட்சி நாளில் குள்ளமானவர் வந்தால் கீழே ஒரு குஷன்.

இரண்டு லென்ஸ் உள்ள கேமராக்களில் இரண்டு படங்களும் ஒட்டும் கோடு பக்கவாட்டில் விழும். அந்தக் கோட்டுக்கு அருகில், கைக்கெட்டும் தூரத்தில் எது வந்தாலும் துண்டாகும், கை இரண்டாகும். அதனால் ஒரு லென்ஸ் நேராகப் பாட்டியைப் பார்க்கட்டும். அவர் போர்வையையும் பையையும் நீட்டும் கை அந்த லென்ஸின் நடுவிலேயே வர வேண்டும்.

தெளிவு பற்றி ஒரு கணக்கு. '5.7 கே' படம் என்றால் சுற்றளவில் 5760 புள்ளிகள். 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 16. குவெஸ்ட் 3 போன்ற ஹெட்செட்டின் திரை ஒரு டிகிரிக்குச் சுமார் 25 புள்ளி காட்டக்கூடியது. ஆக, படம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் முகம் நன்றாகத் தெரியும். பையில் அச்சிட்ட துணிக்கடைப் பெயரைப் படிக்க முடியாது. கதையில் எழுத்து எதையும் படிக்க வைக்காதீர்கள்.

அப்புறம் முக்கியமான கேள்வி: பார்வையாளர் குனிந்து தன் மடியைப் பார்த்தால் என்ன தெரியும்? ஒன்றுமே இல்லாமல் காலி பெர்த் தெரிந்தால் அந்த நொடியே அவர் வெளியே வந்துவிடுவார். கேமராவுக்குக் கீழே ஒருவரை, தலையைப் பின்னால் சாய்த்தபடி உட்காரவைத்து எடுங்கள். ஆனால் அந்த உடம்பு ஆணுடையதா, பெண்ணுடையதா, வேட்டியா ஜீன்ஸா? இதற்குத்தான் போர்வை. பாட்டி கதை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ரயில்வே கம்பளி மாதிரி ஒன்றை எடுத்து மடியில் போர்த்துகிறார். படத்திலும் கழுத்து வரை போர்வை, நிஜத்திலும் அதே போர்வை. உடம்பும் மறைந்தது, கையும் மறைந்தது. போர்வைக்கு முந்தைய நிமிடத்தில் பார்வையாளர் தன் மடியைக் குனிந்து பார்க்காமலிருக்க, ஜன்னல் பக்கமும் பாட்டி பக்கமும் கவனம் போகும்படி ஏதாவது நடந்துகொண்டே இருக்கட்டும்.

படி 4: நேரில் இருக்கும் நடிகை

படத்தில் வரும் பாட்டியும் அறையில் இருக்கும் பாட்டியும் ஒரே நடிகை. வேறு ஆளை வைக்க வேண்டியிருந்தால் கையின் அளவும் வளையலும் ஒத்துப்போக வேண்டும். அவர் ஹெட்செட் மாட்டக் கூடாது. பார்வையாளரின் விரல் நடுங்குவது, மூச்சு மாறுவது, கால் பின்வாங்குவது எல்லாவற்றையும் அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

அவர் காதில் ஒரு சின்ன இயர்போன். அதில் படத்தின் ஒலியோடு எண்ணிக்கையும் ஓடும். "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்றதும், படத்தில் பாட்டி போர்வையை உதறும் அதே கணத்தில் நிஜப் போர்வை மடியில் விழ வேண்டும். 1998-இல் பாட்வினிக், கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒருவரின் நிஜக் கையை மறைத்து, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். சிறிது நேரத்தில் ரப்பர் கை தன் கை என்ற உணர்வு வந்துவிட்டது. வருடல் முன்பின்னாகப் போனதும் அந்த உணர்வு கலைந்தது. நம் வித்தை முழுவதும் இதில்தான் இருக்கிறது. கண்ணில் தெரிவதும் தோலில் படுவதும் ஒன்றாக நிகழ வேண்டும். அரை நொடி பிந்தினால் போயிற்று. முந்தினால் இன்னும் மோசம், ஆள் திடுக்கிடுவார்.

இந்த ஒரு போர்வைக்காக மட்டும் நாலைந்து நாள் ஒத்திகை வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. முதலில் நடிகை கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கைக்கு மட்டும் கை நீட்டிப் பழகட்டும். பிறகு குழுவில் ஒருவரை உட்காரவைத்து, கடைசியாக ஹெட்செட்டோடு. போர்வையை உதறும்போது வரும் காற்று முதலில் முகத்தில் படும், அப்புறம் வளையல் சத்தம், அப்புறம் முழங்கால் மேல் கம்பளியின் கனம், கடைசியாக ஓரத்தை இழுத்துச் செருகும் விரல்கள். இந்த நாலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நடிகை தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து, வெற்றிலை போட்டிருந்தால் அந்த வாசனையும் கூடவே வரும். அதற்குத் தனியாக மெஷின் வேண்டாம்.

இதுவரை எல்லாம் எண்ணிக்கைப்படி நடக்கிறது. பார்வையாளர் ஏதாவது பேசினால்? படத்தில் இருக்கும் பாட்டி பதில் சொல்ல மாட்டாளே. அதற்கு இருட்டைப் பயன்படுத்துங்கள். மூன்றாவது நிமிடத்தில் பெட்டியின் விளக்கை அணைத்து நீல நைட் லேம்ப் மட்டும் எரியும்படி எடுங்கள். பாட்டி முக்காடு போட்டுக்கொள்கிறார், உதடு தெரியாது. லேசாக ஆடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சியை ஒரு நிமிடம் எடுத்து, முதலும் முடிவும் பொருந்தும்படி வெட்டி, சுற்றிச் சுற்றி ஓட விடுங்கள். இந்தப் பகுதியில் குரல் பதிவு கிடையாது. அறையில் இருக்கும் நடிகை நேராகப் பேசுகிறார். "தூக்கம் வரலையா கண்ணு? எங்க எறங்கணும்?" பார்வையாளர் ஈரோடு என்றால் ஈரோட்டைப் பற்றிப் பேச்சு, பதிலே சொல்லாவிட்டால் பாட்டி தன் கதையைச் சொல்கிறார். இரண்டு நிமிடமும் போகலாம், நாலு நிமிடமும் போகலாம். போதும் என்று நடிகை நினைக்கும்போது இரண்டு முறை இருமுகிறார். லேப்டாப்பிலிருந்து படத்தை ஓட்டும் ஆபரேட்டர் அடுத்த துண்டுக்கு மாற்றுகிறார்.

காதை அடைக்கும் ஹெட்போன் போட்டால் நடிகையின் குரல் கேட்காது. குவெஸ்ட் வகை ஹெட்செட்களில் பட்டையிலேயே ஸ்பீக்கர் இருக்கிறது, காது திறந்திருக்கும். ரயில் சத்தம் அங்கிருந்தும் பெர்த்துக்கு அடியிலிருந்தும் வரட்டும், குரல் எதிரில் இருந்து வரட்டும்.

நடிகை வேறு ஊரில் இருந்துகொண்டு இணையம் வழியாக நடிக்கும் வகையும் உண்டு. டெண்டர் க்ளாஸ் என்ற நிறுவனம் 'தி அண்டர் பிரசென்ட்ஸ்' என்ற படைப்பை 2019-இல் அப்படித்தான் தொடங்கியது. கொரோனா காலத்தில் நடிகர்கள் வீட்டிலிருந்தே ஹெட்செட் மாட்டி நடித்தார்கள். அதற்கென்று ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் போர்வை போர்த்த முடியாது.

படி 5: தலைசுற்றலைத் தவிர்ப்பது

கண் 'நகர்கிறோம்' என்கிறது, உள்காது 'இல்லையே' என்கிறது. அந்த முரண்தான் குமட்டலாக வெளிப்படும். ரயில் கதைக்கு ஒரு நல்ல வசதி உண்டு: பெட்டி முழுவதும் அசையாமல் இருக்கிறது, ஜன்னல் அளவுக்கு மட்டுமே வெளியுலகம் நகர்கிறது. அசையாத சட்டகம் ஒன்று கண்ணெதிரே இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வராது.

ஒரே வேகம் தொல்லை தராது, வேகம் மாறுவதுதான் தரும். ஆகவே ரயில் கிளம்புவதையும் நிற்பதையும் காட்டாதீர்கள். படம் தொடங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கட்டும். ஸ்டேஷனில் நிற்க வேண்டும் என்றால் திரை இருட்டாகி, பிரேக் சத்தம் மட்டும் கேட்டு, மறுபடி வெளிச்சம் வரும்போது நின்றுவிட்டிருக்கட்டும். கேமராவை எந்தக் காரணத்துக்காகவும் நகர்த்தாதீர்கள்.

யாராவது வியர்க்கிறார், அடிக்கடி விழுங்குகிறார், பேச்சு குறைகிறது என்றால் அது குமட்டலின் அறிகுறி. 'இன்னும் ரெண்டு நிமிஷம்தானே' என்று காத்திருக்காமல் நிறுத்திவிடுங்கள்.

படி 6: உள்ளே அழைத்து வரும் பத்து நிமிடம்

மெக்சிகோ திரைப்பட இயக்குநர் அலெஹாந்த்ரோ இன்யாரிட்டு 2017-இல் கான் திரைப்பட விழாவில் காட்டிய 'கார்னே இ அரேனா'வில் ஹெட்செட்டுக்குள் இருக்கும் நேரம் ஆறரை நிமிடம்தான். மெக்சிகோ எல்லையைக் கடக்க முயல்பவர்களின் கதை. ஆனால் அது தொடங்குவது ஒரு குளிர்ந்த அறையில். எல்லையில் பிடிபட்டவர்களை அடைத்துவைக்கும் அறையைப் போன்றது. பாலைவனத்தில் கிடைத்த செருப்புகளும் ஷூக்களும் கிடக்கின்றன. அங்கே உங்கள் காலணியையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு வெறுங்காலோடு மணல் பரப்பிய கூடத்துக்குப் போகிறீர்கள். ஹெட்செட் தலைக்கு வரும் முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அந்த வருடமே அதற்கு ஒரு சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள்.

நாம் ஒரு நீள மர பெஞ்சும், சுவரில் ஒரு ரயில் நேரப் பலகையும் வைத்தால் போதும். பார்வையாளருக்கு நிஜமாகவே ஒரு டிக்கெட் கொடுங்கள், பெர்த் எண்ணோடு. வரவேற்பவர் டி.டி.இ. (டிக்கெட் பரிசோதகர்) உடையில் இருக்கலாம், ஆனால் உடல்நலம், சம்மதம் பற்றிப் பேசும்போது அவர் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, சாதாரண ஆளாகப் பேச வேண்டும்.

அவர் கேட்க வேண்டியவை: வலிப்பு, கடுமையான ஒற்றைத் தலைவலி, தலைசுற்றல் நோய் உண்டா, கர்ப்பமா, அண்மையில் கண் அறுவை சிகிச்சை நடந்ததா, பேஸ்மேக்கர் இருக்கிறதா. உண்டு என்றால் மாட்டாமல் இருப்பதே நல்லது. ஹெட்செட் தயாரித்தவர் குறிப்பிடும் வயதுக்குக் குறைந்த குழந்தைகள் வேண்டாம்.

அடுத்தது தொடுதல். இதை மழுப்பவே கூடாது. "நாடகத்தில் ஒரு பெண் நடிகர் உங்களுக்குப் போர்வை போர்த்துவார், முழங்கால் மேல் கை படலாம், மடியில் பை வைப்பார். வேறு எங்கும் தொட மாட்டார். சரியா?" என்று நேராகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டு, தொடாத வடிவத்தை நடத்துங்கள். போர்வையும் பையும் பக்கத்தில் வைக்கப்படும், அவரே எடுத்துக்கொள்வார். அதையும் தனியாக ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். கண்ணைக் கட்டி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்துப் பார்வையாளரை அழைத்துச் செல்லும் ஒரு நாடகத்தை பெல்ஜியத்தின் ஒன்ட்ருரெந்த் ஹூத் குழு வி.ஆர். அலைக்கு வெகு முன்பே போட்டது. பார்க்க முடியாத ஒருவரைத் தொடுவதில் உள்ள பொறுப்பைப் பற்றி விளையாட்டு நிறுவனங்களைவிட அப்படிப்பட்ட நாடகக்காரர்களுக்கு அதிகம் தெரியும்.

நிறுத்தும் வழியைச் சொல்லிக் கொடுங்கள்: கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவோம். வாயால் சொன்னால் மட்டும் போதாது. ஒருமுறை மாட்டி, அவர் கையாலேயே கழற்றிப் பார்க்கட்டும். தன்னால் வெளியே வர முடியும் என்று தெரிந்தவர்தான் நிம்மதியாக உள்ளே இருப்பார். அவரைப் புகைப்படமோ வீடியோவோ எடுக்காதீர்கள். அறையில் எப்போதும் குழுவினர் இருவராவது இருக்க வேண்டும்.

மாட்டும்போது: கண்ணாடி போட்டவர்களுக்கு, லென்ஸ் கண்ணாடியில் இடிக்காமல் இடைவெளி தரும் ஸ்பேசர். இரண்டு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்துக்கு ஏற்ப லென்ஸைச் சரிசெய்ய வேண்டும். பெரியவர்களுக்குச் சராசரி 63 மி.மீ. பூ வைத்திருக்கும் பெண்களிடமும் கொண்டை போட்டவர்களிடமும் பின்பட்டை அழுத்தும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நெற்றியில் திருநீறோ குங்குமமோ இருந்தால், நாமாகத் துடைக்கப் போகாமல், ஒரு மெல்லிய துணி முகமூடியைக் கொடுக்கலாம்.

படி 7: கழற்றும் தருணம்

பெரும்பாலான வி.ஆர். படைப்புகள் இதில்தான் கோட்டை விடுகின்றன. 'நன்றி' என்று எழுத்து வருகிறது, ஒருவர் ஓடிவந்து ஹெட்செட்டைப் பிடுங்குகிறார், ட்யூப் லைட் கண்ணைக் கூசுகிறது, முடிந்தது.

நம் கதையில் பாட்டி போன பிறகு பார்வையாளர் தனியாக இருக்கிறார். இரண்டு மூன்று நிமிடம். எதிர் பெர்த் காலி. பிரேக் சத்தம், இருட்டு, வெளிச்சம், நின்ற ரயில், வெறும் பிளாட்ஃபாரம். அப்புறம் படம் மெல்ல இருண்டுபோகிறது. டி.டி.இ.-யின் குரல், நேரில், வாசல் பக்கமிருந்து: "கடைசி ஸ்டேஷன். மெதுவா கழட்டிட்டு இறங்குங்க." அவரே கழற்றுகிறார். எதிரே அதே காலி பெர்த், அதே நீல விளக்கு. மடியில் அதே மஞ்சள் பை, அதற்குள் ஏதோ சூடாக இருப்பது தெரிகிறது. உள்ளே ஒரு எவர்சில்வர் தூக்கில் கைபொறுக்கும் சூட்டில் வெந்நீர், ஒரு மருந்துச் சீட்டு, முன்பே கடந்துபோன ஸ்டேஷன் ஒன்றுக்கு ஒரு டிக்கெட்.

திறந்து பார்ப்பதா வேண்டாமா என்பது அவர் பாடு. சிலர் திறக்காமலேயே பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். "உள்ளே பாத்தீங்களா?" என்று கேட்டுவிடாதீர்கள். வாசலில் 'தவறிய பொருட்கள்' என்று ஒரு மேஜை இருக்கட்டும், அங்கே ஒருவர் பையை வாங்கி ரசீது கொடுக்கட்டும். 'கார்னே இ அரேனா'விலும் மணல் கூடத்திலிருந்து நேராகத் தெருவுக்கு விட மாட்டார்கள். ஒரு நீண்ட நடை. அங்கே அந்த மனிதர்களின் முகங்களும் அவர்கள் கதைகளும்.

வெளியே தண்ணீரும் நாற்காலியும் வையுங்கள். பத்து நிமிடமாவது உட்கார்ந்துவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.

படி 8: ஆபரேட்டரும் சாமான்களும்

ஹெட்செட்டில் ஓடும் படத்தைத் துண்டு துண்டாக மாற்ற ஒரு சின்ன ஆப் வேண்டும். யூனிட்டி தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் செய்துவிடுவார்: லேப்டாப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த துண்டு, இன்னொரு பொத்தானுக்கு இருட்டு. பார்வையாளர் உட்கார்ந்ததும் நேர்முகத் திசையைச் சரிசெய்யும் பொத்தானும் அதிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் பாட்டி ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்.

அரங்கின் வைஃபையை நம்பாதீர்கள், சொந்த ரவுட்டர் கொண்டுபோங்கள். ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் யூ.பி.எஸ். ஹெட்செட் இரண்டாவது வேண்டும்; பேட்டரி சுமார் இரண்டு மணி நேரம்தான் தாங்கும், ஒன்று தலையில் இருக்கும்போது இன்னொன்று சார்ஜில். லென்ஸில் நேரடி வெயில் படக் கூடாது. சில நொடிகள் பட்டாலே திரையில் புள்ளி விழுந்துவிடும், அதைச் சரிசெய்யவும் முடியாது. முகத்தில் படும் பகுதிக்கு சிலிக்கோன் உறை மாட்டி, ஒவ்வொருவருக்குப் பிறகும் துடையுங்கள். அந்த ஈரத் துணியால் லென்ஸைத் தொடாதீர்கள். அதற்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. ஏ.சி. இல்லாத அறையில் லென்ஸில் ஆவி படிந்து மங்கிவிடும் என்பதால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஏ.சி. ஆடம்பரம் இல்லை, கருவி.

படி 9: சோதனையும் நாள் கணக்கும்

நண்பர்களை வைத்துச் சோதிக்காதீர்கள், அவர்கள் உங்களுக்காகப் பொறுத்துக்கொள்வார்கள். ஹெட்செட்டைத் தொட்டே பார்க்காத ஒரு பெரியவர், தடிக் கண்ணாடி போட்ட ஒருவர், வாய் ஓயாமல் பேசுபவர், வாயே திறக்காதவர், எதைக் கொடுத்தாலும் உடனே திறந்து பார்ப்பவர். இவர்கள் போதும். ஆபரேட்டர் பக்கத்தில் நின்று அவர்கள் கையைக் கவனியுங்கள். போர்வை விழும்போது கை தானாக அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டால் நேரம் சரியாக இருக்கிறது. அசையாமல் கிடந்தால் எண்ணிக்கையை மாற்றுங்கள்.

நாடகம் 12 நிமிடம். வரவேற்பு 10, இறக்கிவிட்டுத் துடைத்து, தூக்கில் மறுபடி வெந்நீர் ஊற்றிப் பெர்த்தைச் சரிசெய்ய 8. ஒருவருக்கு 30 நிமிடம், ஆறு மணி நேரத்தில் 12 பேர். அடுத்தவரை வெளி அறையில் வேறொருவர் வரவேற்றுத் தயாராக வைத்திருந்தால் 20 நிமிடத்துக்கு ஒருவர் என்று 18 பேர் வரை போகலாம். டிக்கெட் விலையை இதை வைத்துத்தான் போட வேண்டும். நூறு பேர் உட்காரும் அரங்கின் கணக்கு இங்கே செல்லாது. நன்கொடையோ நிறுவன ஆதரவோ விழா அழைப்போ இல்லாமல் கையைக் கடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே நடிகை ஒரு நாளில் 18 முறை அந்நியர் ஒருவரிடம் நெருங்கிப் பேசி, போர்த்தி, பிரிந்துபோவது உடம்பையும் மனசையும் உறிஞ்சும் வேலை. ஆறு காட்சிக்கு ஒருமுறை அரை மணி நேர ஓய்வு கொடுங்கள். மூன்று நாளுக்கு மேல் ஓடுவதாக இருந்தால் இரண்டாவது பாட்டியையும் தயார் செய்யுங்கள், அவர் கைக்கும் அதே வளையல் வாங்கி.